ஆஸ்திரேலியா மீண்டும் கார் தயாரிக்குமா?

கேள்வி இதுதான்: "ஆஸ்திரேலியாவில் கார் தயாரிப்பு 2017இல் நின்றுபோனது. இப்போது மின்சாரக் கார் காலம் வந்துவிட்டது. பேட்டரிக்கு வேண்டிய லித்தியம் அந்த நாட்டு மண்ணிலேயே கிடைக்கிறது. அங்கே கார் தொழிற்சாலைகள் மறுபடியும் வருமா? முன்பு ஏன் மூடினார்கள்? என் மகன் மெல்பர்னில் வாகனப் பொறியியல் படிக்க ஆசைப்படுகிறான், அனுப்பலாமா?"

மகனைப் பற்றிய கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கான பதில் முதல் இரண்டு கேள்விகளின் பதிலில்தான் இருக்கிறது.

ஆண்டுக்கு லட்சக்கணக்கில் பயணிகள் கார்களைத் தயாரிக்கும் தொழிற்சாலை ஆஸ்திரேலியாவில் மீண்டும் வரும் என்று நான் நம்பவில்லை. ஆனால் "அங்கே வாகனத் தொழில் செத்துவிட்டது" என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. போனது ஒரு குறிப்பிட்ட வகைத் தொழில். இருப்பது வேறு வகை. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும்.

முதலில் போன கதை. 1856இல் அடிலெய்டில் குதிரைச் சேணம் தைக்கும் கடையாகத் தொடங்கிய ஹோல்டன், பிறகு கார்களுக்கு உடற்கூடு கட்டிக்கொடுத்து வளர்ந்து, 1931இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கைக்குப் போனது. ஃபோர்டு 1925இலேயே ஜீலாங் நகரில் காலூன்றிவிட்டது. 1948 நவம்பரில் பிரதமர் பென் சிஃப்லி மெல்பர்னின் ஃபிஷர்மன்ஸ் பெண்டில் முதல் ஹோல்டன் காரை அறிமுகப்படுத்தியபோது அது வெறும் கார் அறிமுகமாக இல்லை. போரில் ஜப்பானியப் படை வாசல்வரை வந்துபோன நாடு அது. சொந்தமாக இயந்திரம் செய்யத் தெரியாத நாடு தற்காத்துக்கொள்ள முடியாது என்ற அச்சம் அந்தக் காருக்குள் இருந்தது. ஆனால் அந்தத் தேசியப் பெருமிதச் சின்னத்தின் உரிமை ஜெனரல் மோட்டார்ஸின் தலைமையகம் உள்ள டெட்ராய்ட்டில் இருந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்த முப்பது ஆண்டுகள் பொற்காலம் என்பார்கள். இறக்குமதி வரி என்னும் மதிலுக்குள் நடந்த பொற்காலம். போருக்குப்பின் இத்தாலி, கிரீஸ், யூகோஸ்லாவியா, துருக்கி, பிற்பாடு வியட்நாம் என்று வந்து குவிந்த குடியேறிகளுக்கு அசெம்பிளி லைன்தான் முதல் வேலை. மொழி தெரியாவிட்டாலும் கை ஓடினால் போதும். அந்த வேலை எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதற்கு 1973இல் பிராட்மெடோஸ் ஃபோர்டு ஆலையில் குடியேறித் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தமும் கலவரமுமே சாட்சி. இன்று அந்தத் தொழிற்சாலைகளைப் பற்றி ஏக்கத்தோடு எழுதுபவர்கள் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

மதிலுக்குள் ஒரு நோய் வளர்ந்தது. சிறிய சந்தை, அதில் ஐந்து நிறுவனங்கள், பதின்மூன்று மாடல்கள். ஒவ்வொரு மாடலும் அற்ப எண்ணிக்கையில். இறக்குமதிக்கு 57.5 சதவீத வரி, அதற்கு மேல் கோட்டா. நுகர்வோர் தலையில் கட்டப்பட்ட விலையைப் பற்றிக் கேட்பார் இல்லை. 1984இல் தொழிலமைச்சர் ஜான் பட்டன் இதற்கு ஒரு திட்டம் கொண்டுவந்தார். மூன்று நிறுவனங்கள், ஆறு மாடல்கள், படிப்படியாக வரிக்குறைப்பு. எண்ணிக்கையைக் கூட்ட ஒருவர் காரை மற்றவர் பெயரில் விற்கவும் செய்தார்கள். ஹோல்டன் கொமடோர் காரில் டொயோட்டா சின்னத்தை ஒட்டி 'லெக்ஸன்' என்றார்கள். டொயோட்டா கேம்ரியில் ஹோல்டன் சின்னத்தை ஒட்டி 'அப்பல்லோ' என்றார்கள். வாங்குபவர்கள் ஏமாறவில்லை. அந்தக் கூத்து தொண்ணூறுகளிலேயே முடிந்தது. வரி மட்டும் சொன்னபடி இறங்கியது: 2000இல் 15 சதவீதம், 2005இல் 10, 2010இல் 5.

பட்டனைக் கொலைகாரர் என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. அவர் செய்ததில் பாதி பலித்தது. தரம் உயர்ந்தது, ஏற்றுமதி தொடங்கியது. டொயோட்டா தன் ஆல்டோனா ஆலையிலிருந்து கேம்ரிகளை மத்திய கிழக்குக்கு அனுப்பியது. ஒரு கட்டத்தில் அங்கே தயாரானவற்றில் பெரும்பகுதி ஏற்றுமதிக்கே போனது. ஹோல்டன் தன் மொனாரோவை அமெரிக்காவுக்கு, ஜெனரல் மோட்டார்ஸின் இன்னொரு பிராண்டான பான்டியாக்கின் ஜிடிஓ என்ற பெயரில் அனுப்பியது. பிறகு கொமடோரை பான்டியாக் ஜி8 என்று அனுப்பியது. 2004 வாக்கில் நாட்டின் உற்பத்தி ஆண்டுக்கு 4 லட்சத்தைத் தாண்டியது. வரி குறைந்துகொண்டிருந்த அதே காலத்தில் இது நடந்தது. ஆகவே வரியைக் குறைத்ததால் மட்டும் தொழில் அழிந்தது என்பது கணக்குக்கு ஒத்துவராது.

நிசான் 1992இலேயே கிளேட்டன் ஆலையில் கார் செய்வதை நிறுத்திவிட்டது. மிட்சுபிஷி 2008 மார்ச்சில் அடிலெய்டின் டான்ஸ்லி பார்க் ஆலையை மூடியது. மீதி மூவர்: ஃபோர்டு, ஹோல்டன், டொயோட்டா.

இந்த மூவரையும் வீழ்த்தியவை பல. அவற்றில் டாலர் பெரியது. 2001இல் ஓர் ஆஸ்திரேலிய டாலர் 50 அமெரிக்க சென்ட்டுக்கும் கீழே கிடந்தது. சீனாவின் இரும்புத்தாதுப் பசி சுரங்கங்களைக் கொழிக்கவைத்தது. 2011இல் அதே டாலர் 110 அமெரிக்க சென்ட்டைத் தொட்டது. தொழிற்சாலைக்குள் யாரும் எதையும் மாற்றவில்லை. ஆனால் வெளிநாட்டு வாங்குபவரின் கண்ணுக்கு ஆஸ்திரேலியக் காரின் விலை பத்தே ஆண்டில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. எந்த மேலாளராலும், எந்தத் தொழிற்சங்க விட்டுக்கொடுப்பாலும் இதை ஈடுகட்ட முடியாது. சுரங்கம் தழைத்தால் தொழிற்சாலை வாடும் என்பது பொருளியலில் பழைய பாடம். ஆஸ்திரேலியா அதைத் தன் உடம்பில் எழுதிக்காட்டியது.

அடுத்தது வாங்குபவரின் ருசி மாறியது. ஃபோர்டின் ஃபால்கனும் ஹோல்டனின் கொமடோரும் பெரிய செடான்கள். நீண்ட நெடுஞ்சாலைக்கும் பெரிய குடும்பத்துக்கும் செய்தவை. கொமடோர் 1996 முதல் 2010 வரை தொடர்ந்து பதினைந்து ஆண்டுகள் நாட்டின் விற்பனையில் முதலிடம். 2011இல் மாஸ்டா 3 அந்த இடத்தைப் பிடித்தது. பெட்ரோல் விலை ஏற ஏற ஒருபக்கம் மக்கள் சின்னக் கார்களுக்குப் போனார்கள். மறுபக்கம் எஸ்யூவிக்கும், இரட்டை வரிசை இருக்கை கொண்ட 'யூட்' எனப்படும் பிக்கப் வண்டிக்கும் போனார்கள். நடுவிலிருந்த பெரிய செடான் அனாதையானது. மவுன்ட் பனோரமாவில் பாத்தர்ஸ்ட் பந்தயம் நடக்கும் நாளில் ஃபோர்டு கட்சி, ஹோல்டன் கட்சி என்று தொண்டை கிழியக் கத்தியவர்களே மறுநாள் போய் ஜப்பானியக் கார் வாங்கினார்கள்.

மூன்றாவது, தாய்லாந்து. 2005இல் இரு நாட்டுக்கும் தடையற்ற வணிக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. தாய்லாந்தில் செய்த பிக்கப் வண்டிகள் வரியின்றி ஆஸ்திரேலியாவில் இறங்கின. திரும்பிப் போகவேண்டிய ஆஸ்திரேலியக் கார்கள்? சுங்க வரி இல்லைதான். ஆனால் பெரிய இஞ்சின் வண்டிகளுக்கு தாய்லாந்தில் கடுமையான கலால் வரி இருந்தது; ஆஸ்திரேலியா செய்தவற்றில் பெரும்பகுதி பெரிய இஞ்சின் வண்டிகள். ஃபோர்டு டெரிடரி போன்ற நல்ல எஸ்யூவி அங்கே எடுபடவே இல்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் இதை முன்கூட்டியே பார்த்திருக்கவேண்டும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அன்றைய அரசை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

இனி "சம்பளம் அதிகம், தொழிற்சங்கம்தான் கெடுத்தது" என்ற வாதம். ஃபோர்டு ஆஸ்திரேலியாவின் தலைவர் 2013 மே மாதம் மூடல் முடிவை அறிவித்தபோது, தங்கள் செலவு ஐரோப்பாவைப்போல இரண்டு மடங்கு, ஆசிய ஃபோர்டு ஆலைகளைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு என்றார். ஹோல்டன் தலைவர் அதே ஆண்டு டிசம்பரில், ஒரு காரை ஆஸ்திரேலியாவில் செய்வதால் கூடுதலாக 3,750 டாலர் ஆகிறது என்றார். இந்த எண்களை நான் மறுக்கவில்லை. ஆனால் சம்பளம் மட்டுமே காரணம் என்றால் மறைமலைநகருக்கு என்ன பதில்? அதே ஃபோர்டு, சென்னைக்கு அருகே, ஆஸ்திரேலியச் சம்பளத்தில் ஒரு சிறுபகுதியைக் கொடுத்து, ஆண்டுக்கு 2 லட்சம் கார் செய்யக்கூடிய ஆலையை வைத்திருந்தது. 2021 செப்டம்பரில் அதையும் மூடப்போவதாக அறிவித்தது. இந்தியாவில் பத்தாண்டுகளில் 200 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் இழந்ததாகக் கணக்குச் சொன்னது. பிராட்மெடோஸில் சம்பளம் அதிகம், மறைமலைநகரில் குறைவு. இரண்டும் ஒரே மாதிரி முடிந்தன. இரண்டிலும் பொதுவாக இருந்தவை இரண்டு: ஆலையை நிரப்பப் போதுமான விற்பனை இல்லை, முடிவெடுப்பவர் அமெரிக்காவில், ஃபோர்டின் தலைமையகம் உள்ள டியர்பார்னில் இருந்தார்.

எண்ணிக்கை என்றேனே, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். இந்தத் தொழிலின் உயிர்நாடி அதுதான். ஒரு காரின் கதவை அழுத்தி எடுக்கும் அச்சு, அதாவது டை, பல கோடி செலவில் செய்யப்படும் இரும்புப் பாளம். வர்ணம் பூசும் பிரிவு ஒன்றே ஒரு சிறு தொழிற்சாலையின் விலை. இந்தச் செலவு பத்தாயிரம் கார் செய்தாலும் அதேதான், மூன்று லட்சம் கார் செய்தாலும் அதேதான். உலக அளவில் போட்டியிட ஓர் ஆலை ஆண்டுக்கு 2 முதல் 3 லட்சம் கார் செய்யவேண்டும் என்பது பொதுவான கணக்கு. கடைசிக் கட்டத்தில் ஆஸ்திரேலியாவின் மூன்று நிறுவனங்களும் சேர்ந்து செய்ததே ஏறத்தாழ 2 லட்சத்துச் சொச்சம்தான். அதே 2013இல் தாய்லாந்து 24 லட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்களைச் செய்தது. இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

இந்தச் சிறிய எண்ணிக்கையிலும் ஆலைகள் ஓடியதற்கு மூன்று நிறுவனங்களும் ஒரே உதிரிபாகக்காரர்களைப் பகிர்ந்துகொண்டதுதான் காரணம். இருக்கை செய்பவர், ரேடியேட்டர் செய்பவர், வார்ப்படக்காரர், டை பட்டறைக்காரர், பிளாஸ்டிக் வார்ப்பவர். மெல்பர்னின் தென்கிழக்கில் டேண்டினாங் பக்கமும், வடக்கில் கேம்பல்ஃபீல்ட் பக்கமும், அடிலெய்டின் வடபுறத்திலும் இவர்கள் வரிசைகட்டியிருந்தார்கள். ஒரு தெருவில் மூன்றே வீடுகளுக்குப் பால் ஊற்றுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டுக்காரர் காலிசெய்தால் சமாளிப்பார். இரண்டாமவரும் போனால் மூன்றாம் வீட்டுக்காகத் தினமும் அத்தனை தூரம் வரமாட்டார். மூன்றாம் வீட்டுக்காரர் நல்லவராக இருந்தும் பயனில்லை.

நடந்தது அச்சுப்பிசகாமல் அதுதான். 2013 மே 23 அன்று ஃபோர்டு, 2016 அக்டோபரோடு நிறுத்தப்போவதாகச் சொன்னது. அடுத்து ஹோல்டன். 2012இல்தான் ஜூலியா கில்லார்ட் அரசும் இரு மாநில அரசுகளும் சேர்ந்து 27.5 கோடி டாலர் தருவதாகச் சொல்லி, 2022 வரை ஹோல்டன் இருக்கும் என்று உறுதிபெற்றிருந்தன. ஆட்சி மாறியது. 2013 டிசம்பர் 10 அன்று நிதியமைச்சர் ஜோ ஹாக்கி நாடாளுமன்றத்தில் எழுந்து, இருக்கிறீர்களா இல்லையா என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள் என்று ஜெனரல் மோட்டார்ஸுக்குச் சவால்விடும் தொனியில் பேசினார். மறுநாளே பதில் வந்தது: 2017இல் மூடுகிறோம். இரண்டு மாதத்தில், 2014 பிப்ரவரி 10 அன்று, டொயோட்டாவும் அறிவித்தது. டொயோட்டாவின் நிலைமைதான் எனக்கு மிகவும் வருத்தமானது. மூவரில் ஏற்றுமதிச் சந்தையைக் கையில் வைத்திருந்தவர்கள் அவர்கள். அறிவிப்புக்குப் பதினான்கு மாதம் முன்பு, 2012 டிசம்பரில்தான், 33 கோடி டாலர் செலவில் புதிய இஞ்சின் ஆலையைத் திறந்திருந்தார்கள். போகப்போகிறவர் வீட்டுக்கு வெள்ளையடிப்பதில்லை. மற்ற இருவரும் போனபின் உதிரிபாகக்காரர்கள் நிற்கமாட்டார்கள் என்பது உறுதியானதும் அவர்களுக்கும் வழியில்லாமல் போயிற்று.

ஹாக்கியின் பேச்சு ஹோல்டனை விரட்டியதா? டெட்ராய்ட்டில் முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். ஒரே இரவில் எந்தப் பெருநிறுவனமும் ஆலையை மூடத் தீர்மானிப்பதில்லை. பேச்சு, அவர்கள் தேடிக்கொண்டிருந்த வசதியான நாளைக் கொடுத்தது. 2009இல் ஜெனரல் மோட்டார்ஸ் திவாலாகி பான்டியாக் பெயரையே ஒழித்துக்கட்டியபோதே ஹோல்டனின் அமெரிக்க ஏற்றுமதி அடிபட்டுவிட்டது. அடிலெய்டில் ஒருவரும் தவறு செய்யவில்லை. வேறொரு கண்டத்தில் ஒரு பெயரை அடித்தார்கள், இங்கே ஒரு ஷிஃப்ட் போயிற்று. சொந்த நிறுவனம் இல்லாத நாட்டின் நிலை அப்படித்தான். கொரியா ஹூண்டாயை வளர்த்தது. ஆஸ்திரேலியா கடைசிவரை பிறருடைய கிளைக்கு இடம் கொடுத்தது.

மானியத்தைப் பற்றியும் ஒரு சொல். 1997 முதல் 2012 வரை வரிப்பாதுகாப்பும் நேரடி உதவியும் சேர்த்து ஏறத்தாழ 3,000 கோடி டாலர் இந்தத் தொழிலுக்குப் போனது என்று அரசின் உற்பத்தித்திறன் ஆணையம் கணக்கிட்டது. தொகையைக் கேட்டால் யாருக்கும் கோபம் வரும். ஆனால் கார் செய்யும் எந்த நாடும் மானியம் தராமல் செய்யவில்லை. அமெரிக்கா 2009இல் தன் கார் நிறுவனங்களைக் காப்பாற்ற என்ன செய்தது என்று எல்லோரும் பார்த்தோம். மானியம் கொடுத்தது தவறு என்பதைவிட, கொடுத்த பணத்துக்கு ஈடாக நிறுவனத்தில் பங்கு எதையும், வடிவமைப்பு உரிமை எதையும் கேட்டுப்பெறாமல் கொடுத்ததுதான் தவறு என்பேன்.

2016 அக்டோபர் 7 ஃபோர்டு. 2017 அக்டோபர் 3 டொயோட்டா. அக்டோபர் 20 ஹோல்டன். அத்தோடு முடிந்தது. 2020 பிப்ரவரியில் ஹோல்டன் என்ற பெயரையே விற்பனையிலிருந்து எடுத்துவிடுவதாக ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்தது. வேலையிழந்தவர்களுக்கு மறுபயிற்சித் திட்டங்கள் இருந்தன, மிட்சுபிஷி காலத்தைவிடச் சற்று நன்றாகவே. ஆனாலும் அடிலெய்டுக்கு வடக்கே எலிசபெத் போன்ற ஊருக்கு அது போதவில்லை. ஐம்பதுகளில் மாநில வீட்டுவசதி அமைப்பு கட்டி எழுப்பிய அந்த ஊரின் வாழ்வு கார் ஆலையோடு பின்னிக் கிடந்தது. ஐம்பது வயதில் வெல்டிங் மட்டுமே தெரிந்த ஒருவருக்குச் சான்றிதழ் கொடுக்கலாம். பக்கத்துத் தெருவில் வேலை கொடுக்க முடியாது.

இப்போது இருப்பதைப் பார்ப்போம்.

கனரக லாரி தயாரிப்பு நிற்கவே இல்லை. மெல்பர்னின் பேஸ்வாட்டரில் கென்வொர்த் லாரிகள் 1971 முதல் தயாராகின்றன. பிரிஸ்பேன் அருகே வாகோலில் வால்வோ, மாக் லாரிகள். இவை ஏன் பிழைத்தன? ஆஸ்திரேலிய லாரிகள் இழுக்கும் பாரமும் தூரமும் வேறெங்கும் இல்லாதவை. மூன்று நான்கு டிரெய்லர்களைக் கோத்துக்கொண்டு, ஐம்பது டிகிரியை நெருங்கும் வெயிலில், செம்மண் பாதையில் போகிற 'ரோடு டிரெய்ன்' வண்டியை இறக்குமதி செய்து அப்படியே ஓட்ட முடியாது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒவ்வொரு விதமாகக் கட்டவேண்டும். எண்ணிக்கை குறைவாக இருப்பதே இங்கே குறையில்லை.

பேருந்துகளும் அப்படியே. டேண்டினாங்கின் வோல்கிரன், சிட்னியின் கஸ்டம் டென்னிங் போன்றவை உடற்கூடு கட்டுகின்றன; மின்சாரப் பேருந்துகளும் செய்கின்றன. இங்கே வாங்குபவர் பெரும்பாலும் மாநில அரசு. உள்ளூர்ப் பங்கு இத்தனை இருக்கவேண்டும் என்று அது நிபந்தனை வைக்க முடியும். ராணுவ வண்டிகளும் உண்டு. பெண்டிகோவில் செய்யப்படும் புஷ்மாஸ்டர் கவச வண்டிகள் உக்ரைன் போர்க்களம் வரை போயின. குவீன்ஸ்லாந்தின் ரெட்பேங்க் ஆலையில் ஜெர்மனியின் ரைன்மெட்டல் செய்யும் பாக்ஸர் கவச வண்டிகளை ஜெர்மன் ராணுவமே வாங்குகிறது. கொரியாவின் ஹன்வா 2024இல் ஜீலாங் அருகே ஆவலானில் ஆலை திறந்தது. ஃபோர்டு போன ஊர்ப்பக்கத்தில் பீரங்கி வண்டிகள்! இதை மகிழ்ச்சியாகச் சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் வெல்டருக்கு வேலை வேலைதான்.

இன்னொரு விசித்திரமான தொழில் உண்டு. அமெரிக்காவின் பெரிய பிக்கப் வண்டிகளை இறக்குமதி செய்து, ஸ்டீயரிங்கை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றுவது. ரேம், சில்வராடோ, எஃப்-150, டன்ட்ரா எல்லாம் மெல்பர்னில் இப்படி மாற்றப்படுகின்றன. டாஷ்போர்டு வார்ப்பிலிருந்து ஸ்டீயரிங் அமைப்பு வரை புதிதாகச் செய்து சோதித்து ஒப்புதல் வாங்கவேண்டும். கராஜ் வேலை என்று நினைத்துவிடவேண்டாம். வாக்கின்ஷா போன்ற நிறுவனங்கள் பழைய ஹோல்டன் தொழிலின் கைத்திறனைத்தான் இதில் பயன்படுத்துகின்றன.

அப்புறம் வடிவமைப்பு. ஃபோர்டு ரேஞ்சர் 2023இலும் 2024இலும் ஆஸ்திரேலியாவில் மிக அதிகம் விற்ற வாகனம். அதை வடிவமைத்து, பொறியியல் செய்து, ஜீலாங் அருகே யூ யாங்ஸ் சோதனைத் தடத்தில் ஓட்டிப் பார்த்தது விக்டோரியா மாநிலத்து அணிதான். ஆஸ்திரேலியாவில் விற்பது தயாராவது தாய்லாந்தில். ஆஸ்திரேலியர்கள் தாங்களே வரைந்த வண்டியை இறக்குமதி செய்து வாங்குகிறார்கள்.

இந்த ரேஞ்சரை வைத்தே உங்கள் முதல் கேள்விக்குக் கணக்குப் போடலாம். 2024இல் நாட்டில் விற்ற புதிய வாகனங்கள் 12 லட்சத்துக்கு மேல். நல்ல சந்தைதான். ஆனால் அதை அறுபதுக்கும் மேற்பட்ட பிராண்டுகள் பங்குபோடுகின்றன. முதலிடம் பிடித்த ரேஞ்சர் விற்றதே ஏறத்தாழ 62,000. ஆக, நாட்டிலேயே அதிகம் விற்கும் வண்டியை முழுக்க முழுக்க உள்ளூரில் செய்தாலும் ஓர் ஆலையின் மூன்றில் ஒரு பங்குகூட நிரம்பாது. மீதியை ஏற்றுமதி செய்யவேண்டும். எங்கே? வலப்பக்க ஸ்டீயரிங் நாடுகளில் ஜப்பான், இந்தியா, தாய்லாந்து, பிரிட்டன், தென்னாப்பிரிக்கா எல்லாமே சொந்தமாகக் கார் செய்கின்றன. 2010 வாக்கில் ஆஸ்திரேலியாவில் விற்ற ஹூண்டாய் ஐ20 நம் இருங்காட்டுக்கோட்டையில் செய்தது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது அப்போதே தெரிந்தது.

மின்சாரக் கார் இந்தக் கணக்கை மாற்றுமா? பாகங்கள் குறைவு, இஞ்சின் ஆலை வேண்டாம், அதனால் சிறிய எண்ணிக்கையிலும் செய்யலாம் என்பார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் கதவும் இருக்கையும் வர்ணமும் மாறவில்லையே. விலையில் பெரும்பங்கு பேட்டரி. அதில் சீனாவின் அளவும் வேகமும் மற்றவர்களை மூச்சுத்திணற வைத்திருக்கின்றன. ஆஸ்திரேலியச் சாலைகளில் எம்ஜி, பிஒய்டி, ஜிடபிள்யூஎம் வண்டிகள் பெருகியிருப்பதைப் பார்த்தாலே போதும்.

லித்தியம் இருக்கிறதே என்று கேட்டீர்கள். உலகிலேயே அதிகமாக லித்தியம் தோண்டும் நாடு ஆஸ்திரேலியாதான். மேற்கு ஆஸ்திரேலியாவின் கிரீன்புஷஸ் சுரங்கம் அத்தனை வளமானது. ஆனால் அதில் பெரும்பகுதி பாறையிலிருந்து பிரித்த ஸ்போடுமீன் தாதுவாகவே சீனாவுக்குக் கப்பலேறுகிறது. அதற்குப்பின் ரசாயனமாக்கவேண்டும், பேட்டரியின் மின்முனையான கேதோடு செய்யவேண்டும், செல் செய்யவேண்டும், பேட்டரியாகக் கோக்கவேண்டும், பிறகுதான் கார். இரண்டாவது படியிலேயே கால் இடறுகிறது: லித்தியம் விலை சரிந்தபின் 2024இல் கெமர்டன் சுத்திகரிப்பு ஆலையில் பாதி வேலையை நிறுத்தினார்கள். இரும்புத்தாது ஆஸ்திரேலியாவில் மலைமலையாக இருந்ததே, அது கொமடோரைக் காப்பாற்றவில்லை.

ட்ரைட்டியம் கதையையும் இங்கே சொல்லவேண்டும். பிரிஸ்பேனில் பிறந்து, மின்சாரக் காருக்கு வேகமாகச் சார்ஜ் ஏற்றும் கருவி செய்து உலகெங்கும் விற்ற நிறுவனம். ஆஸ்திரேலிய மூளைக்குச் சான்று என்று அரசியல் தலைவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். 2023 இறுதியில் பிரிஸ்பேன் ஆலையை மூடி உற்பத்தியை அமெரிக்காவின் டென்னஸிக்கு மாற்றுவதாக அறிவித்தது, 2024இல் நொடித்தது, அதை வாங்கியது இந்தியாவின் எக்ஸிகாம். பிரிட்டனின் எஃகுத் தொழிலதிபர் சஞ்சீவ் குப்தா 2018இல் எலிசபெத் ஆலையின் இயந்திரங்களை வாங்கி மின்சாரக் கார் செய்யப்போவதாகப் பேசினார். கார் வரவில்லை. 2025 பிப்ரவரியில் அவருடைய வயாலா எஃகு ஆலையையே தெற்கு ஆஸ்திரேலிய அரசு நிர்வாகியின் கையில் ஒப்படைத்தது. இப்படி வந்துபோன அறிவிப்புகளைச் சேர்த்தால் ஒரு பீரோ நிறையும்.

ஆகவே இனி ஏதாவது நிறுவனம் "ஆஸ்திரேலியாவில் மின்சாரக் கார்" என்று அறிவித்தால் நான் மூன்றைத்தான் பார்ப்பேன். ஆண்டுக்கு எத்தனை, அதை வாங்க ஒப்புக்கொண்டவர் யார், டை செய்யப் பணம் போட்டது யார். படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் அடுத்த செய்திக்குப் போய்விடலாம். வாய்ப்பு உள்ளதாக நான் நினைப்பது சிறு எண்ணிக்கை வேலைகள்: சுரங்கத்துக்கான மின்சார வண்டி, நகராட்சி லாரி, பேருந்து, ஏற்கெனவே உள்ள வண்டியை மாற்றியமைத்தல். எல்லாம் வாங்குபவர் முன்கூட்டியே தெரிந்த வேலைகள்.

ஒரு சின்ன வேடிக்கை: உள்ளூர்க் கார்த் தொழிலுக்கு அரணாக இருந்தது என்று பலர் நினைக்கும் சொகுசுக் கார் வரி, தொழில் போனபின்னும் பல ஆண்டுகள் தொடர்ந்து வசூலாகிறது. காக்கப் பயிர் இல்லாத வயலில் வேலி மட்டும் நிற்கிறது, அரசுக்கு வருமானமாயிற்றே.

இனி உங்கள் மகன். வாகனப் பொறியியல் என்ற பெயருள்ள பட்டத்துக்காக மட்டும் அனுப்பவேண்டாம். இயந்திரவியல், மெக்கட்ரானிக்ஸ், மின்னணுவியல், மென்பொருள் ஆகியவற்றில் ஒன்றை எடுத்து, வாகனத்தை விருப்பப்பாடமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மெல்பர்னில் வேலை இல்லாமல் இல்லை. ஃபோர்டின் வடிவமைப்பு மையம் இருக்கிறது. லாரி, பேருந்து, ராணுவ வண்டி, நான்கு சக்கர இயக்க வண்டிகளுக்குத் துணைக்கருவி செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஃபோர்டே 2023இல் சில நூறு பொறியாளர் பணியிடங்களைக் குறைத்தது. அங்கும் பேனா டியர்பார்னில்தான் இருக்கிறது. ராணுவத் தொழில்களில் பல வேலைகளுக்குப் பாதுகாப்பு அனுமதி வேண்டும். பெரும்பாலும் குடியுரிமை இல்லாமல் அது கிடைக்காது. மாணவர் விசாவில் போகிற பையனுக்கு அந்தக் கதவு தொடக்கத்தில் மூடியே இருக்கும். கட்டணத்தைக் கணக்கிடும்போது இதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். கார் தயாரிப்பைத்தான் தொட்டுப் பார்க்கவேண்டும், ஷாப் ஃப்ளோரில் நிற்கவேண்டும் என்று அவனுக்கு ஆசையென்றால், ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஓரிரு ஆண்டு வேலைபார்த்துவிட்டுப் பிறகு மேற்படிப்புக்குப் போகட்டும். மெல்பர்னில் நேர்முகத் தேர்வு செய்கிறவர்களில் பலர் பழைய பிராட்மெடோஸ், ஃபிஷர்மன்ஸ் பெண்ட் ஆட்கள். ஓடுகிற லைனில் நின்றவன் யார், படித்துவிட்டு மட்டும் வந்தவன் யார் என்று இரண்டாவது கேள்வியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.